யானை ஓட்டிய நாலு சக்கர ஆட்டோ

அடுகோடி அனிமேஷன் ஸ்டுடியோவில் பாடலாசிரியராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் பாட்டுக்குக் கெடு விதிக்கப்பட்டது. சனிக்கிழமை காலை ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டும். அவர்கள் சேர்ந்து பாடினால் பாட்டு தொடரில் இருக்கும். பாடாவிட்டால் அவ்விடத்தில் ஒரு துரத்தல் காட்சி வரும்.

தொடரின் நாயகன் தும்பன், ஆட்டோ ஓட்டும் யானை. வீட்டிலிருக்கும் குழந்தை தொலைக்காட்சியோடு வாய்விட்டுப் பாட வேண்டிய நகைச்சுவைப் பாட்டு அது. கல்லூரிச் சொற்போர்களில் சுழற்கோப்பைகளை அள்ளி வந்த எனக்கு மழலையர் எம்மாத்திரம் என்று எழுதினேன்:

"துன்பமெனும் இருள்துரத்தும் தும்பிக்கைச் சூரியன் நான்..."

இயக்குநர் ரஞ்சனி மேடம் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா இது ஆட்டோ ஓட்டுற யானையா, எலெக்‌ஷன்ல நிக்கிற யானையா?"

"தீர்ப்பைப் பிள்ளைகளிடமே விடுவோம், மேடம்."

"ஆய்த்து, சரி, போட்டுப் பாத்துடலாம்," என்றார் பாதி கன்னடத்தில்.

சனிக்கிழமை

படம் வரையுமுன் மாதிரிக்காகப் பதிவுசெய்யும் ஸ்க்ராட்ச் ட்ராக்கில் நானே பாடியிருந்தேன். பிள்ளைகள் கைகட்டி அமர்ந்து கேட்டார்கள். ஓர் உதடும் அசையவில்லை. முடிந்ததும் ஒழுங்காகக் கைதட்டினார்கள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி தன் தாயிடம், "அங்கிள் பேசி முடிச்சிட்டாராம்மா?" என்றாள். கைதட்டல் கேட்டு நான் வாடியது அன்றுதான். மேடமோ துரத்தல் காட்சியின் ஸ்டோரிபோர்டைக் கையில் எடுத்துவிட்டார்.

ஆயினும் நன்றியுரை கூறாமல் மேடை இறங்கும் வழக்கம் எனக்கில்லை. மைக்கைப் பிடித்தேன். "தும்பனின் நான்கு சக்கர ஆட்டோவைக் காண வந்த செல்வங்களே..."

"மூணு சக்கரம்!" என்று அறையே எழுந்தது.

நா தவறியதுதான். ஆனால் அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். சொற்போரில் சரியானதைச் சொன்னால் எதிரணி குறிப்பெடுக்கும். தவறானதை உறுதியாகச் சொன்னால் எழுந்து நிற்கும். சோதித்துப் பார்க்க, "நாலுதான்" என்றேன்.

"மூணு!" அதே சிறுமி மைக்கருகே வந்துவிட்டாள். "நீங்க ஆட்டோல போனதே இல்லையா அங்கிள்?"

"மேடம், பத்து நிமிடம் கொடுங்கள்."

"ஜூஸ் குடிச்சு முடிக்கிற வரைக்கும்தான் உக்காருவாங்க. சீக்கிரம் எழுது."

எழுதினேன்:

"என் ஆட்டோவுக்குச் சக்கரம் நாலு,
பூனைக்குப் பின்னால ரெண்டு வாலு,
காக்கா கறக்குது காப்பிப் பாலு..."

ஒவ்வோர் அடிக்குப் பின்னும் பாட்டை நிறுத்தி, மேசையில் தாளம் மட்டும் தட்டினேன். அந்த இடைவெளியில் "மூணு!" வந்தது, "ஒண்ணு!" வந்தது, மூன்றாம் அடிக்குச் சிரிப்போடு "மாடு!" வந்தது. இரண்டாம் சுற்றில், மறுக்கும் ஆசையிலேயே என் தவறான அடிகளையும் அவர்களே பாடத் தொடங்கினார்கள்.

மேடம் ஸ்டோரிபோர்டை மூடினார். "துரத்தல் சீன் அடுத்த எபிசோடுக்கு இருக்கட்டும். நீ முதல்ல அந்த மைக்கைக் கீழ வைப்பா."

இத்துறைக்குப் புதிதாக வரும் தோழர்களே, எதிரணியின் வாயை அடைப்பதே வெற்றி என்று பயின்றவன் நான். சேர்ந்து பாடும் பாட்டில் எதிரணி வாயைத் திறப்பதே வெற்றி. ஆகவே உங்கள் யானையைத் துணிந்து தோற்க விடுங்கள். என் கோப்பைகள் அலமாரியில் இருக்கின்றன. அன்று பிள்ளைகளிடம் தோற்றதையே நான் மேடைதோறும் சொல்லி வருகிறேன்.