மின்டோரோத் தீவும் என் நன்றியுரையும்

பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, அன்றிலிருந்து முதலில் தையல் மெஷினுக்கும் பிறகு கடைக் கவுண்டருக்கும் பின்னால் இருந்தே காலத்தைக் கழித்துவிட்ட நான், ஒரு தீவின் வரலாற்றை எழுத வந்ததற்கு வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தீவை நான் கண்ணால் கண்டதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் எனக்குக் கூச்சம். ஆனால் பத்து வயதில் ஒருமுறை, ஒரு மண்டபம் நிறைய ஆட்களுக்கு முன்னால் நின்று அந்தத் தீவைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சால் என்ன நடந்தது என்பதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

கருவாடு பொரியும் மணத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கிய குளிர்காலம் அது. அகதிகளாக வந்து இறங்கிய இங்கிலீஷ் நாட்டில், ஸ்ட்ரெதம் என்ற இடத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குசினியில் அம்மா பொரிக்கும் கருவாட்டு மணத்தோடு வினாகிரியும் உள்ளியும் கலந்த இன்னொரு கருவாட்டு மணமும் எழும்பும். பக்கத்து வீட்டுக் கிழவி சுவரில் தட்டுவாள். அந்த இரண்டாவது கருவாடு லூர்தக்காவுடையது. அவருடைய பெயர் லூர்டஸ். மாதா கோயிலில் எங்கள் அகதி வழக்குக்காக மெழுகுதிரி கொளுத்தப் போன அம்மாதான், அங்கே வாங்குப் பலகையின் ஓரத்தில் அழுதுகொண்டிருந்த அவரைக் கையோடு கூட்டிவந்து மேல்மாடிப் பின்னறையைக் கொடுத்தார். பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரியான அவருக்கு, எங்கள் ஊர் வழக்கத்தில் லூர்து என்று பெயர் வைத்தவரும் அம்மாதான். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. ஆனாலும் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். "ஓம், ஓம்" என்று லூர்தக்கா தலையாட்டப் பழகிவிட்டார்.

அவர் பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு நின்றவர். குப்பை கொட்ட வெளியே வந்த ஒரு பின்னேரம், வாளியை வாசலில் வைத்துவிட்டு அப்படியே நடந்து வந்துவிட்டார். பாஸ்போர்ட் வீட்டுக்காரரிடம் இருந்தது. வேலைக்காரியின் விசா வீட்டுக்காரரின் பெயரோடு ஒட்டியிருந்த காலம் அது. வீட்டை விட்டால் நாட்டில் இருக்க உரிமையில்லை. பிடித்தால் ஒன்று அந்த வீட்டுக்கு, அல்லது விமானத்துக்கு. அவர் எந்நேரமும் நீளக் கைச்சட்டைதான் போடுவார். ஒருநாள் கோப்பை கழுவும்போது கை மேலேறிவிட, முழங்கைக்குக் கீழே இஸ்திரிப்பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்ததைக் கண்டேன். நான் கண்டதை அவரும் கண்டார். சட்டையை இழுத்துவிட்டுத் தொடர்ந்து கழுவினார்.

"ஆர் வந்து கேட்டாலும் மேல ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லு. விளங்கிச்சோ?" என்று அம்மா எனக்குப் பாடமாக்கியிருந்தார். கதவு மணி அடித்தால் லூர்தக்கா எந்த நிலையில் நிற்கிறாரோ அதே நிலையில் நின்றுவிடுவார். ஒருமுறை வாய்க்குக் கொண்டுபோன கரண்டியோடு, தபால்காரன் போய் மறையும்வரை நின்றார்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருவரும் ஒரு தீவைப் பற்றிப் பேச வேண்டும் என்றார் ஆசிரியை. என்னைப் பார்த்துச் சிரித்தார்; நாங்களும் ஒரு தீவிலிருந்து வந்தவர்கள், எனக்குச் சுலபம் என்று நினைத்திருப்பார். ஆனால் வழக்கு முடியும்வரை எங்கள் ஊரைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அதனால் நான் லூர்தக்காவின் தீவை எடுத்துக்கொண்டேன்.

அவர் கட்டிலில் இருந்து சொல்லச் சொல்ல நான் நிலத்தில் இருந்து எழுதினேன். மின்டோரோ என்றால் தங்கச் சுரங்கம் என்று பொருளாம். ஸ்பானியர் வைத்த பெயர். தங்கம் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை, காய்ச்சல்தான் கிடைத்தது என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய ஊர் நவுகான், பெரிய ஏரிக்கரை. அங்கே பாழடைந்த கற்கோயில் ஒன்று இருக்கிறது. அதன் சுவர்கள் ஒரு ஆளின் உயரத்துக்குத் தடிப்பானவை. தெற்கிலிருந்து படகுகளில் வந்து ஆட்களைப் பிடித்து அடிமைகளாக விற்பவர்களுக்குப் பயந்து கட்டியது. கடலில் பாய் தெரிந்ததும் மணி அடிக்கும். சிலர் கோயிலுக்குள் ஓடுவார்கள், சிலர் மலைக்கு. மணிச்சத்தத்தை அவர் நாக்கால் அடித்துக் காட்டியபோது, கீழே எங்கள் கதவு மணியும் அடித்தது. இருவரும் அசையவில்லை. யாரோ விளம்பரத் தாள் போட வந்தவர்.

மலையில் இருப்பவர்கள் மங்யான் மக்கள். அவர்கள் ஒரே இனமல்ல, பல இனங்கள். எல்லாருக்கும் சேர்த்து அந்தப் பெயர். ஒருகாலத்தில் கடற்கரை அவர்களுடையதுதான். "நாங்கள் போனோம். அவர்கள் சண்டை பிடிக்கவில்லை, மேலே ஏறினார்கள். நாங்கள் இன்னும் கொஞ்சம் போனோம், அவர்கள் இன்னும் கொஞ்சம் ஏறினார்கள். என் தகப்பனின் நெல்வயலும் அப்படி வந்ததுதான்" என்றார். அதை எழுதவா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுது என்றார்.

அவரிடம் மங்யான் ஒருவரிடம் சந்தையில் வாங்கிய மூங்கில் துண்டு ஒன்று இருந்தது. கத்தி முனையால் அதில் பாட்டு எழுதியிருந்தார்கள். அதை வாசிக்க அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு எழுத்தைக் காட்டி, இது "க", இந்தப் பக்கம் ஒரு கீறு போட்டால் "கி", அந்தப் பக்கம் போட்டால் "கு" என்றார். நான் துள்ளி எழும்பி அப்பாவிடம் ஓடினேன். அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, மூங்கிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எங்கட எழுத்திலயிருந்து போனதுதான். சந்தேகமேயில்லை" என்றார்.

"ஓம், இவருக்கு உலகம் முழுக்கச் சொந்தக்காரர்தான். வெள்ளைக்காரன் மட்டும்தான் மிச்சம்" என்றார் அம்மா. லூர்தக்காவுக்கு விளங்காவிட்டாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தத் தீவில் மட்டும் இருக்கும் தமரா என்ற குட்டை எருமை, மேகத்துக்குள் எப்போதும் தலை மறைந்திருக்கும் ஹல்கொன் மலை, கப்பல்கள் ஒதுங்கிய வெண்மணல் துறைமுகம், கண்ணாடி போன்ற தண்ணீருக்கு அடியில் பவளம் என்று பேச்சு நீண்டது. எப்படி முடிப்பது என்று மட்டும் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டேன். எங்கள் தமிழ்ப் பாடசாலை விழாக்களில் நன்றியுரை சொல்பவர் எப்போதும் அப்பாதான். மண்டபம் தந்தவர், கதிரை அடுக்கியவர், வடை சுட்டவர் என்று ஒருவரும் தப்ப முடியாது. "பேச்செண்டால் கடைசியில நன்றியுரை இருக்கவேணும், பிள்ளை. ஆள், ஊர், இருப்பிடம் எல்லாம் சொல்லவேணும். ஒருத்தரையும் விடக்கூடாது. விட்டால் அதுதான் சனத்துக்கு ஞாபகம் நிக்கும்" என்றார். அவருக்கு அன்று இரட்டை ஷிப்ட். நான் எழுதியதை அவர் பார்க்கவில்லை.

மேலே ஒருவரும் இல்லை என்ற அந்தப் பொய் கதவைத் தட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். பேச்சு நாளன்று பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தவர்கள் கதவைத் தட்டவில்லையே. ஆகவே ஆசிரியைக்கும், தலைமையாசிரியருக்கும், வருகை தந்த பெற்றோருக்கும் நன்றி சொன்ன பிறகு, "எமது வீட்டின் மேல்மாடிப் பின்னறையில் வசிப்பவரும், மின்டோரோத் தீவின் நவுகானைப் பிறப்பிடமாகக் கொண்டவருமான" என்று தொடங்கி, லூர்தக்காவின் முழுப்பெயரையும் சொல்லி, அவருக்கு என் இதயபூர்வமான நன்றியைத் தெரிவித்தேன். மண்டபம் சிரித்துக் கைதட்டியது. ஒரு சிறுபிள்ளை கல்யாண அழைப்பிதழ் போல் பேசியது அவர்களுக்குப் புதுமையாக இருந்திருக்கும். வீடு வீடாக இலவசமாய்ப் போடும் பத்திரிகைக்கு ஆசிரியை பேச்சை அனுப்பிவைத்தார். அவர்கள் தீவை முழுக்க வெட்டிவிட்டு, என் படத்தையும் நன்றியுரையையும் மட்டும் போட்டார்கள். கீழே என் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர்.

அம்மா அதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த அப்பாதான் இரவு வேலையால் வந்து, கோட்டைக் கழற்றாமல் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். என்னை ஏசவில்லை. தாளை உரித்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. செவ்வாய்க்கிழமையும் நின்றது. புதன்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது கண்ணாடி இறங்கியது. நல்ல கோட்டுப் போட்ட மனிதர், குரலும் மென்மை. "நீதானே அந்தத் தீவைப் பற்றிப் பேசிய பிள்ளை? நன்றாகப் பேசியிருக்கிறாய்" என்றார். பிறகு என் தலைக்கு மேலால் எங்கள் வீட்டின் மேல்மாடியைப் பார்த்தார்.

வீட்டுக்குள் ஓடிப்போய் நான் சொல்லி முடிக்கும் முன்பே லூர்தக்கா பையை எடுத்துவிட்டார். "இருள முன்னம் போகவேணும். பள்ளிக்கூடம் விட்ட சனம் இப்ப தெரு முழுக்க நிக்குது, அதோட சேர்ந்து போகட்டும்" என்று அம்மா தன் பெரிய மழைக்கோட்டை அவருக்குப் போட்டுவிட்டுத் தலைக்குமேல் தொப்பியை இழுத்தார். சட்டன் என்ற ஊரில் லூர்தக்காவுக்கு ஒரு சிநேகிதி. போய்ச் சேர்ந்ததும் டெலிபோன் எடுப்பதாகச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்; அழுகைதான் வந்தது. என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, "என் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறாய். இந்த நாட்டில் அதைச் செய்தது நீ ஒருத்திதான்" என்றார். பின்கதவால் இறங்கி, குப்பைத் தொட்டிகள் நிற்கும் குறுகிய ஒழுங்கைப் பாதையால் நடந்தார். வளைவில் திரும்பும்வரை கோட்டின் பின்பக்கம் தெரிந்தது.

இப்போது அந்த வீடு மூன்று பிளாட்டுகளாகிவிட்டது. ஒழுங்கையை அடைத்துக் கம்பிக் கதவு போட்டிருக்கிறார்கள். அந்த இலவசப் பத்திரிகையும் நின்றுவிட்டது. அப்பா காலமான பிறகு அவருடைய சட்டைப் பைகளையெல்லாம் தேடினேன், அந்தத் தாள் இல்லை. மின்டோரோவை என் போனில் தேடினால் வெண்மணலும் ஹோட்டல்களும் வருகின்றன. லூர்தக்காவின் முழுப்பெயரைத் தேடினால் வேறு யார் யாரோ வருகிறார்கள். ஒவ்வொரு முகமாகப் பெருப்பித்துப் பார்க்கிறேன்.

லூர்தக்கா போன அன்றிரவு நாங்கள் மூவரும் டெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தோம். அது அடிக்கவில்லை. மறுநாள் வியாழக்கிழமை, மழை. நான் பள்ளிக்கூடம் போகும்போது எதிர்ப்பக்கம் பார்த்தேன். சாம்பல் நிறக் கார் அங்கே இல்லை.