நாடு பிரிந்தால் பெண்ணை எப்படி அனுப்புவது

என் கல்யாணம் ஒன்றரை வருஷம் தள்ளிப் போனதற்கு ஜாதகம் காரணமில்லை, சீர்வரிசை காரணமில்லை, என் நிறமும் காரணமில்லை. தென்னாடு இந்திய யூனியனிலிருந்து பிரிந்து தனி நாடாக வேண்டுமா வேண்டாமா என்பதில் இரண்டு வீட்டாருக்கும் ஒத்துவரவில்லை. இதைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் நான் கதை விடுவதாக நினைக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் மண்டபம் கிடைக்காமல்தான் கல்யாணம் தள்ளிப் போகிறது.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம். அடுத்த மாதம் பொதுத்தேர்தல். எனக்கு இருபத்திரண்டு முடிந்திருந்தது. வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் கடலைக்கொல்லை இருந்தது, நிறையக் கட்சி இருந்தது. தனிநாடு வாங்கியே தீருவது என்று சொல்லிக்கொண்டிருந்த கட்சி. அதன் பத்திரிகை தினமும் பத்து மணி பஸ்ஸில் வரும். அப்பா அதை முதல் வரியிலிருந்து கடைசியில் அச்சகத்தின் பெயர் வரைக்கும் சத்தமாக வாசிப்பார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே மோர் கடைவாள். அவள் கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எனக்கு முன்பே இரண்டு இடம் வந்து போயிருந்தது. முதலில் வந்த பையனிடம் அப்பா, ஐந்தாண்டுத் திட்டத்தில் தெற்குக்கு எத்தனை ஆலை ஒதுக்கியிருக்கிறார்கள் தெரியுமா என்று கேட்டார். பையன் பெண் பார்க்க வந்திருந்தான், அதற்குத் தயாராக வரவில்லை. இரண்டாவது வீட்டார் இந்த விஷயத்தைக் கேள்விப்பட்டு வாசலோடு போய்விட்டார்கள்.

மூன்றாவது இடம் திருமயம். மாப்பிள்ளைக்குப் பிலாயில் இரும்பு ஆலையில் வேலை. பெண் பார்க்க வந்தவர் பஜ்ஜியை விண்டபடி என்னைப் பார்த்து, "அங்க வெயில் ஜாஸ்திங்க" என்றார். "இங்க மட்டும் என்ன கொறச்சலா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பெண் பார்க்கும் இடத்தில் மாப்பிள்ளை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு இந்த மனுஷன்தான் வேண்டும் என்று அப்போதே ஆகிவிட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் யாரிடமும் சொல்லவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வரவில்லை, லீவு இல்லை. அவருடைய அப்பா பத்துப் பேரோடு வந்தார். அவர் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தாலுகா கச்சேரி குமாஸ்தாவாகச் சேர்ந்து ஓய்வு பெற்றவர். எழுத்தில் இல்லாத எதையும் நம்பாதவர். எங்கள் பக்கம் நிச்சயம் என்றால் தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, இன்னார் மகனுக்கு இன்னார் மகளைக் கொடுக்கச் சம்மதம் என்று எழுதிச் சபையில் வாசித்து, அப்புறம்தான் தட்டு மாற்றுவார்கள். எழுத வந்தவர் எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளை. இன்னார் மகன் என்பது வரைக்கும் எழுதிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், பேச்சுக்குப் பேச்சாக, "எலெக்சன் எப்பிடிங்க இருக்கு இங்கிட்டு?" என்று அப்பாவைக் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்படி வைத்தால் அரை மணி நேரம் என்று எங்களுக்குத் தெரியும். ஆலையெல்லாம் வடக்கே போவதையும், நம் வரிப்பணம் அதன் பின்னாலேயே போவதையும் விளக்கினார். மாப்பிள்ளையின் அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது வாஸ்தவம். ஆலையெல்லாம் வடக்கதான் போயிருச்சு. எம் மகனும் ஆல பின்னாடியே போயிட்டான்."

"பிரிஞ்சா ஆலை இங்கயே வருமுங்க. மாப்பிள்ளையும் வந்துருவாரு."

"தெலுங்குக்காரங்க, மலையாளத்துக்காரங்க எல்லாரும் சேந்துதானே தனிநாடுங்கிறீங்க? அவுகள்ட்ட கேட்டாச்சுங்களா?"

"கேப்போம்" என்றார் அப்பா.

சபை சூடு பிடித்துவிட்டது. பிரிந்தால் ரூபாய் நோட்டில் யார் தலை இருக்கும் என்று ஒருவர் கேட்டார். தனியாக ராணுவம் வைத்தால் நம் ஊர்ப் பையன்களுக்கு வேலை கிடைக்கும் என்றார் இன்னொருவர். கொல்லைப்பக்கம் சமைத்துக்கொண்டிருந்தவர் கரண்டியோடு வந்து நின்று, பிரிந்தால் பெருங்காயம் கிடைக்குமா என்று கேட்டார். அது இப்போதே வெளிநாட்டுச் சரக்குதான் என்று மாப்பிள்ளையின் அப்பா சொன்னதும் நிம்மதியாகத் திரும்பிப் போனார். அந்தச் சபையில் முழுத் திருப்தியோடு போனவர் அவர் ஒருவர்தான்.

"நான் ஒரு தடவ நாடு மாறுனவன்" என்று மாப்பிள்ளையின் அப்பா ஆரம்பித்தார். "சமஸ்தானத்த இந்தியாவோட சேத்தாங்கள்ல, அன்னைக்கு ஒரு நாட்டுக்காரனா கச்சேரிக்குப் போனேன், சாயங்காலம் இன்னொரு நாட்டுக்காரனா வீட்டுக்கு வந்தேன். வீட்ல அதே ரசந்தான். கச்சேரியிலதான் எழுதுற பாரம் பூரா மாறிப்போச்சு. அதப் பழகவே ரெண்டு வருஷமாச்சு. மறுக்கா மாறணும்னா ஒடம்பு தாங்காதுங்க."

பெண்கள் பக்கத்தில் என் அத்தை இருந்தாள். அப்பாவின் தங்கை. அவள் புருஷன் கண்டியில் கடை வைத்திருந்தார். ஒரு காலத்தில் தனுஷ்கோடியில் கப்பல் ஏறினால் மறுநாள் கண்டி. பிறகு இலங்கைக்குப் பாஸ்போர்ட், விசா எல்லாம் வந்தது. மாமா இங்கே வந்தால் திரும்பப் போக விடுவார்களோ மாட்டார்களோ என்று வரவில்லை. அத்தைக்கு அங்கே போக விசா கிடைக்கவில்லை. மதராசில் விசா ஆபீஸ் வாசலில் மூன்று தடவை நின்று திரும்பியவள். புருஷனைப் பார்த்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. சபையில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஏண்ணே" என்றாள் அத்தை. "பிரிஞ்சா, இவ பிலாய்க்குப் போறதுக்கும் பாஸ்போர்ட்டு வேணுமா?"

அப்பா பொய் சொல்லியிருக்கலாம். கட்சி அதற்கெல்லாம் ஏற்பாடு செய்யும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை மணியில் தட்டு மாற்றியிருப்பார்கள். கேட்டவள் அத்தை என்பதால் அவருக்கு நாக்கு புரளவில்லை.

"வேணும்" என்றார். "தனி நாடுன்னா வேணுந்தான்."

அம்மா அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "ஆவுடையார்கோயில்லேருந்து இங்க வாக்கப்பட்டப்ப நானும் வெள்ளக்காரன் சீமையிலேருந்து சமஸ்தானத்துக்குத்தானே வந்தேன்?"

"பாத்தீங்களா?" என்று அப்பா நிமிர்ந்தார்.

"அப்ப யாரும் பாஸ்போர்ட்டு கேக்கலயேங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அதற்குப் பிறகு எல்லாம் எழுத்துக்கு வந்துவிட்டது. நாடு பிரிந்தால், தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துவருவதும் திருப்பி அனுப்புவதும் பெண் வீட்டார் பாடு என்று அந்த மஞ்சள் தாளிலேயே எழுத வேண்டும் என்றார் அவர். அப்படியானால், தனிநாடு அமைந்த ஆறு மாதத்துக்குள் மாப்பிள்ளை வேலையை விட்டுத் தாயகம் திரும்ப வேண்டும் என்பதையும் எழுத வேண்டும் என்றார் அப்பா. கணக்குப்பிள்ளை பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மை காய்ந்து போயிற்று.

கடைசியில் தேர்தல் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். சாப்பிடாமல் போனால் நன்றாயிருக்காது என்று எல்லோரும் இலையில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பாயசம் இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தார். நான் உள்ளே பட்டுப் புடவையோடு உட்கார்ந்திருந்தேன். அழுதேன். அதைப் பெரிய தியாகமாகச் சொல்லவில்லை. கட்டிய புடவையை அவிழ்க்கக்கூட யாரும் சொல்லவில்லை, அதுதான் அதிக எரிச்சல்.

தேர்தல் அன்று அப்பா கூண்டு வண்டியில் அம்மாவையும் அத்தையையும் என்னையும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். எனக்கு அது முதல் ஓட்டு. ஊரில் வண்டி வண்டியாக ஆட்களைக் கூட்டிப்போய் யாருக்குப் போட வேண்டும் என்று பாடம் நடத்தியவர், எங்களிடம் மட்டும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது என்னைப் பார்த்து, "ஒனக்கு எது சரின்னு படுதோ அதுல குத்து, தாயி" என்றார். அவர் அதட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முன்பெல்லாம் ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு பெட்டி இருக்கும், சீட்டை அதில் போட வேண்டும். இந்தத் தடவை ஒரே சீட்டில் எல்லாச் சின்னமும் இருந்தது, முத்திரை குத்த வேண்டும். தட்டி மறைப்புக்குள் நான் நின்றேன். நாட்டின் ஒற்றுமையைப் பற்றி எனக்கு அன்று எந்தக் கருத்தும் இருக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்த ஒரு ஆளைப் பற்றித்தான் கருத்து இருந்தது. அப்பா கட்சியின் சின்னத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பில் வரைந்த அதே சின்னம். பக்கத்தில் இருந்த இன்னொன்றில் குத்திவிட்டு, சீட்டை மடித்துப் போட்டுவிட்டு வந்தேன். பயம் இல்லை. வெட்கமாக இருந்தது. வெளியே அப்பா கட்சிக்காரர்களோடு நின்றுகொண்டிருந்தார், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நான் செய்த துரோகத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கட்சி ஆட்சிக்கு வரவில்லை, ஆனால் முன்னைவிட நிறைய இடம் பிடித்துவிட்டது. அடுத்த தேர்தலில் நாடு நம் கையில் என்று அப்பா ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அதையேதான் திருமயத்தில் மாப்பிள்ளையின் அப்பாவும் சொன்னாராம், மிட்டாய் கொடுக்காமல். இன்னும் ஐந்து வருஷம் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க முடியும் என்று சொல்லி அனுப்பினார். ஐந்து வருஷத்தில் எனக்கு இருபத்தேழு. வேறு பெண் பார்க்க வேண்டாம் என்று மாப்பிள்ளை தன் அப்பாவுக்கு இன்லாண்டு லெட்டரில் எழுதியதாகக் கணக்குப்பிள்ளை வந்து சொன்னார். அன்று நான் மாட்டுக்கொட்டகையில் போய் நின்று தனியாகச் சிரித்தேன்.

அந்த ஐப்பசியில் சீனாக்காரன் சண்டைக்கு வந்துவிட்டான். கட்சி, இப்போதைக்குத் தனிநாட்டுப் பேச்சு வேண்டாம் என்றது. யுத்த நிதிக்கு ஊரில் கூட்டம் போட்டார்கள். அப்பா கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். பிரிந்து போக வேண்டிய நாட்டைக் காப்பாற்றக் கொடுக்கிறீர்களே என்று ஒருவர் கேலி செய்தார். "வீடு தீப்புடிச்சா பாகப்பிரிவினையா பேசுவாக?" என்று அப்பா எரிந்து விழுந்தார்.

மறுவருஷம் பிரிவினை பேசினால் தேர்தலில் நிற்கவே முடியாது என்று சட்டம் வந்தது. கட்சி கோரிக்கையை ஒரேயடியாகக் கைவிட்டது. பத்து மணி பஸ்ஸில் பத்திரிகை வந்தது. அன்று அப்பா சத்தமாக வாசிக்கவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது வேண்டாம் என்றார். அவர் இருபது வருஷம் சுமந்த நாடு அது. எனக்கு ஒரு பக்கம் மனசு குதித்தது. இன்னொரு பக்கம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை அவர் வெற்றிலை, பாக்கு, பழம் எடுத்துக்கொண்டு தனியாகத் திருமயம் பஸ்ஸில் ஏறினார். மாப்பிள்ளையின் அப்பாவிடம், "இனி பாஸ்போர்ட்டெல்லாம் வேணாங்க. எம் புள்ளைய எடுத்துக்கங்க" என்று சொன்னாராம். அவரும் கேலியாக ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். இதையெல்லாம் பிற்பாடு என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆவணியில் கல்யாணம். பிலாய்க்குப் புறப்பட்ட அன்று புதுக்கோட்டை ஸ்டேஷனில் எல்லோரும் நின்றிருந்தோம். அப்பா என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய், "அன்னைக்கு எதுல குத்துன, தாயி?" என்று கேட்டார். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. உண்மையைச் சொல்லவும் நேரம் இருந்தது.

"நம்ம கட்சிக்குத்தாம்ப்பா."

அவர் கண் கலங்கிவிட்டது. கல்யாணமே நின்றாலும் நிற்கட்டும் என்றா குத்தினாய் என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். ஒரு பொய் சொன்னால் அதோடு முடிந்துவிடும் என்று நினைக்கிற வயசு.

அப்பா அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அறுபத்தேழில் கட்சி ஆட்சியைப் பிடித்தபோது நான் ஒன்றரை வயது மகனோடு ஊருக்கு வந்திருந்தேன். வெற்றி விழாக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். மேடையில் பேசியவர், தன் வாழ்வே போனாலும் கொள்கை போகக் கூடாது என்று முத்திரை குத்திய வீரப்பெண் என்று என் கதையைச் சொல்லி, மேலே கூப்பிட்டு, துண்டு போர்த்தினார். ஜனம் கை தட்டியது. முன்வரிசையில் அப்பா என் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று தட்டினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

கூட்டம் முடிந்து வரப்பில் நடந்து வந்தோம். பொழுது சாயவில்லை. எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை "அப்பா" என்று ஆரம்பித்தேன். இரண்டாவது தடவை அவர் நின்றார். நான் ஏதோ வருத்தத்தில் இருப்பதாக நினைத்துவிட்டார்.

"நாடு கெடைக்கல, சரி. போகட்டும் விடு" என்றார். "நான் பெத்த புள்ள எம் பக்கம் இருந்துச்சு. எனக்கு அது போதும்."

"ஆமாப்பா" என்றேன்.