ஒட்டுத் தெரியாத பாட்டு

பாட்டு முடிகிற இடமும் திரும்பத் தொடங்குகிற இடமும் யார் காதுக்கும் தெரியாமல் ஒட்டிக் கொடுப்பது என் தொழில். அதைச் சரியாகச் செய்தால் நான் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும்.

நீங்களும் இப்படியொரு வேலையில் இருக்கலாம். கிழிந்த சாரியை இழை தெரியாமல் தைப்பவர், புத்தகத்தில் எழுத்துப்பிழை பார்ப்பவர், கல்யாண வீட்டில் சோற்றுக்கு உப்புப் பார்ப்பவர். பிழை வந்தால் மட்டும்தான் நம் பெயர் நாலு பேருக்கு ஞாபகம் வரும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாத்தளை டவுணில் ஒரு புடவைக் கடைக்கு மேலே என் அறை. அதில் ஒரு பழைய லேப்டொப். லேப்டொப்பில் படமோ பட்டனோ இல்லாத ஒரு புரோகிராம். கறுப்புத் திரையில் பாட்டின் பெயரோடு ஒரு வரிக் கட்டளை எழுதி என்டரைத் தட்டினால், பாட்டுக்குள் ஒன்றுபோல் ஒலிக்கும் இடங்களைச் சோடி சோடியாகத் தேடித் தரும். பின்னதிலிருந்து முன்னதுக்குத் தாவினால் பாட்டு முடியாமல் சுற்றும். எந்தச் சோடி நல்லது என்று கேட்டு முடிவெடுப்பது என் காது. "அவ்வளவுதானா?" என்பார்கள். அவ்வளவுதான். செய்து பாருங்கள்.

பாண் வண்டிப் பாட்டு

ரவூப் நானாவுக்கு பேக்கரி இருக்கிறது. அவருடைய பாண் விற்கிற த்ரீவீல் காலையிலும் பின்னேரமும் பல்லேபொல பக்கம் போகும். வண்டியில் ஒரு சின்ன இசை ஓடும். அது முடிந்து மறுபடி தொடங்குவதற்குள் மூன்று நொடி அமைதி. மிளகுக் கொடிகளுக்கு நடுவே ஒழுங்கையில் இறங்கி வருகிற பெண்கள் அந்த அமைதியைக் கேட்டு, வண்டி போய்விட்டது என்று திரும்பிப் போய்விடுகிறார்களாம். அதைச் சரிசெய்ய வந்தார்.

கறுப்புத் திரையைப் பார்த்ததும், "கம்பியூட்டர் பழுதாப் போச்சா புள்ள?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு வரி எழுதினேன். வந்த சோடிகளில் நாலைக் கேட்டுப் பார்த்து ஒன்றைப் பிடித்தேன். அவர் தேத்தண்ணியில் பாதி கூடக் குடிக்கவில்லை, வேலை முடிந்துவிட்டது. அவர் முகம் தொங்கிவிட்டது. "இதுல என்ன வேல இருக்கு?" என்றார். நான் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், ஒட்டு எங்கே என்று கையைத் தூக்குங்கள் என்றேன். ஆறு முறை கையைத் தூக்கினார். ஆறும் பிழை. கண்ணைத் திறந்து திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடுத்த தடவ கொஞ்சம் கஷ்டப்படுற மாதிரி செய்ங்க புள்ள, பாத்துக்கிட்டு இருக்கிறவனுக்கு ஒரு திருப்தி வேணுமே."

ரிப்பீட் பட்டன்

செல்வா அண்ணனின் வீடியோ ஸ்டூடியோவில்தான் முன்பு வேலை செய்தேன். நான் விலகி இந்த அறையைப் பிடித்தபோது, "ரிப்பீட் பட்டன் எல்லா போன்லயும் இருக்கு, அதுக்கு ஒரு கடை போடுறாளாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எனக்கும் செய்தி வந்து சேர்ந்தது.

பிறகு ஒரு கல்யாணம். மண்டபத்தில் பாட்டு அவர் பொறுப்பு. மணப்பெண் நடந்து வருகிறாள். வழியில் மாமியார் சாரி மடிப்பைச் சரிசெய்ய நிறுத்திவிட்டார். பாட்டு முடிந்துவிட்டது. மண்டபம் முழுக்க அமைதி. மடிப்பும் சரியாகி அவள் காலை எடுத்து வைத்த நேரம், பாட்டு முதலிலிருந்து தவில் அதிரத் தொடங்க, பெண் திடுக்கிட்டுக் கையிலிருந்த மாலையைக் கீழே போட்டுவிட்டாள். இரண்டு பக்கத்துக் கிழவர்களும் சகுனம் பேசத் தொடங்கினார்கள்.

அடுத்த வாரம் செல்வா அண்ணனிடமிருந்து ஒரு த்ரீவீல்காரர் கையில் பென் டிரைவ் வந்தது, "நாலு பாட்டு இருக்கு, ஒட்டிக் குடு" என்ற சீட்டோடு. அதே சீட்டின் பின்பக்கத்தில் "நேரில் வந்து கேளுங்கள்" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் படியேறி வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து உட்காரக் கதிரையைப் போட்டேன்.

"சரி தாயி, பட்டன் வேற, நீ வேற. போதுமா?"

வில்கமுவ வயல்

ஜயதிஸ்ஸ மாமா சிங்களவர், வில்கமுவவில் நெல் செய்கிறார். கதிர் முற்றுகிற காலத்தில் கிளியும் சிட்டும் இறங்காமல் இருக்க, டிராக்டர் பெட்டரியில் ஸ்பீக்கரை மாட்டி துள்ளலான சிங்கள பைலாப் பாட்டு ஒன்றைப் போட்டு வைத்தார். ஆனால் பாட்டு முடிந்து தொடங்கும் இடைவெளியைக் குருவிகள் படித்துவிட்டன. சரியாக அந்த நேரம் பார்த்து இறங்கினவாம். இரண்டு பஸ் மாறி வந்து, இதை அவர் சிங்களத்தில் விளக்கினபோது கோபத்தைவிட மரியாதைதான் குரலில் அதிகம் இருந்தது.

ஒட்டிக் கொடுத்தேன். நாலு நாள் ஒரு குருவி இல்லை. எனக்கும் பெருமை தலைக்கேறி, ரவூப் நானாவிடம் கூடச் சொல்லிவிட்டேன். ஐந்தாம் நாள் போன் வந்தது. தோற்றதையும் சொல்லத்தானே வேண்டும்? அவர் சொன்னதை, தங்கச்சி என்கிற ‘நங்கி’யை மட்டும் விட்டுவைத்து, அப்படியே தமிழில் தருகிறேன்.

"நங்கி, முந்தி பாட்டு நிக்கிறப்ப வந்துச்சுங்க, இப்ப பாட்ட கேட்டுக்கிட்டே சாப்பிடுதுங்க, ஆனா எனக்கு வயல்ல நிக்க அலுப்பில்லாம இருக்கு, அத அழிச்சிராதீங்க."

இருமல்

ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் கொமிட்டிச் செயலாளர் வந்தார். போன வருசத் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் வாசித்ததை யாரோ போனில் பதிந்திருந்தார்கள். அதை ஒட்டிக் கொடுத்தால் இந்த வருசம் மேளம் கூப்பிடத் தேவையில்லை, சாமி ஊர்வலம் முழுக்க ஸ்பீக்கரில் ஓடும் என்றார்.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அவருக்கு எதுக்குத் தெரியணும்? சாமி காரியம்தானே."

அவர் வாசித்ததை வைத்து அவரையே வீட்டில் உட்கார வைக்க என் புரோகிராம் உதவாது என்று சொன்னேன். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று செயலாளர் சொன்னார். லயத்தில் பிறந்த வாய்தான் இது என்று நானும் சொல்லி, பதிவைத் திருப்பிக் கொடுத்தேன். படி இறங்கும் வரை ஏசிக்கொண்டே போனார்.

வேறு யாரோ ஏதோ ஒரு மாதிரி ஒட்டிக் கொடுத்தார்கள். திருவிழாவுக்கு நானும் போனேன். சாமி புறப்பட்டது, நாதஸ்வரம் முழங்கியது. பதிவின் கடைசியில் வாசித்தவர் மூச்செடுத்துப் பலமாக ஒரு இருமல் இருமியிருக்கிறார். அதை வெட்டாமல் ஒட்டியிருந்தார்கள். நாலு நிமிசத்துக்கு ஒரு இருமல். முதல் லயம் தாண்டுவதற்குள் பிள்ளைகள் கணக்கு வைத்துக் கூடவே இருமத் தொடங்கிவிட்டார்கள். கூட்டத்தில் வெள்ளை வேட்டியோடு நின்ற நாதஸ்வரக்காரரைச் செயலாளர் கண்டுவிட்டுக் கும்பிட்டார். அவர் பதிலுக்குக் கும்பிட்டு அமைதியாகச் சொன்னார்.

"அந்த இருமலுக்கு நான் மருந்தெடுத்து ஆறு மாசமாச்சுங்க."

ஸைனப்பின் கை

ஹைருன்னிஸா தன் மகள் ஸைனப்பைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஸைனப்புக்கு ஆறு வயது. பேச மாட்டாள். சாவி கொடுத்தால் பாடுகிற ஒரு பொம்மையின் இசை ஓடினால் அமைதியாக இருப்பாள், நின்றால் அலறுவாள். பொம்மை உடைந்துவிட்டது. போனில் பதிந்த முக்கால் நிமிசம்தான் மிச்சம். மாதா மாதம் கண்டிக்கு ரயிலில் கிளினிக் போக வேண்டும். இரண்டு மாதம் அவள் அலறியதால் பாதி வழியில் வத்தேகமவோடு இறங்கித் திரும்பி வந்திருக்கிறார்கள். பெட்டியில் இருந்தவர்கள் பார்த்த பார்வை தாங்கவில்லையாம். பிள்ளையை வெளியே கொண்டு போகாதே என்று வீட்டிலும் சொல்கிறார்கள். "நான் கொண்டு போவேன் மிஸ்," என்றார் ஹைருன்னிஸா. "ஒளிச்சு வைக்கிறதுக்கா பெத்தேன்?"

புரோகிராம் முதலாவதாகத் தந்த சோடியே எனக்கு அருமையாகப் பட்டது. ஸைனப் ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டாள். ஒட்டு வந்த இடத்தில் கையை எடுத்துவிட்டாள். மறுபடி ஓடவிட்டேன். அதே இடத்தில் எடுத்தாள். அடுத்த சோடி, அதற்கடுத்த சோடி, எல்லாவற்றிலும் அப்படித்தான். ஒட்டு இல்லை என்று என் காது சொன்னது, இருக்கிறது என்று அந்தக் கை சொன்னது. மூன்று நாள் நான் கையின் பக்கம் நின்று தேடினேன். பிறகுதான் பிடிபட்டது. சாவி இறங்க இறங்கப் பொம்மையின் இசை மெல்ல மெல்லத் தாமதமாகிக்கொண்டு போயிருக்கிறது. புரோகிராம் சுரத்தைப் பொருத்தியது. அந்தச் சோர்வைக் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. பின்பாதியின் வேகத்தைத் துளித் துளியாக ஏற்றிவிட்டுப் புதிதாகச் சோடி தேடினேன். அவர்களை மறுபடி வரச் சொன்னேன், ஸைனப் கையை வைத்தாள். பாட்டு சுற்றியது, மறுபடி சுற்றியது. கை எடுபடவில்லை. ஹைருன்னிஸா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த கிளினிக் நாள் பின்னேரம் அவர் கண்டியிலிருந்து போன் எடுத்தார். போய்ச் சேர்ந்தாயிற்று, டொக்டரையும் பார்த்தாயிற்று. ரயிலில் எதிரே இருந்த ஒருவருக்கு ஒரே இசையைக் கேட்டுக் கேட்டுப் பொறுக்க முடியாமல் போயிருக்கிறது.

"‘இது எப்பம்மா முடியும்?’னு கேட்டாரு மிஸ். ‘முடியாது சேர், முடியாம இருக்கத்தான் டவுண்ல ஒரு மிஸ்கிட்ட குடுத்துச் செஞ்சேன்’னு சொல்லிட்டு, புள்ளய மடியில வச்சுக்கிட்டு ஜன்னலோரமா நல்லா சாஞ்சு உக்காந்தேன்."

வேலை யார் காதுக்கும் தெரியாமல் போவதுதான் இந்தத் தொழிலின் வெற்றி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலை செய்தவளும் கூடவே தெரியாமல் போக வேண்டும் என்பதற்கு இதுவரை நான் கையெழுத்துப் போடவில்லை.