அம்மா சொன்ன ஒன்பது எண்கள்

கம்பம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே என் விடைத்தாளின் நகலை அச்செடுத்து, கடை வாசலிலேயே நின்று புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

முதல் செமஸ்டர் கணக்குத் தாளில் இரண்டாவது முறையாகத் தோற்றிருந்தேன். ரிசல்ட்டில் "யு" என்று ஒற்றை எழுத்து மட்டும் வரும். மறுபடி எழுது என்று அர்த்தம். எங்கே தப்பு என்பதை அந்த எழுத்து சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் திருத்திய தாளின் நகல் கேட்டு விண்ணப்பித்திருந்தேன். எட்டாம் பக்கத்தில் ஒரு பெரிய கணக்கு. கையெழுத்து அழகாக இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு, பெட்டி போட்ட விடை, அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை. மதிப்பெண் பூஜ்யம்.

என்னோடு நின்றவள் வகுப்புத் தோழி. லோயர் கேம்பிலிருந்து வருகிற பேருந்தில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, எனக்குப் பக்கத்து இருக்கையில் பையைப் போட்டு இடம் பிடித்து வைப்பவள். கேள்வித்தாளைப் போனில் திறந்து என் தாளோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள்.

"ஏ புள்ள, இங்கன கேட்டிருக்கிறது ஒரு கணக்கு. நீ போட்டிருக்கிறது வேற கணக்கு."

"ரெண்டும் ஐகன் மதிப்புக் கணக்குதானடி?"

"ஆமா, கறிக்குழம்பு கேட்ட ஆளுக்கு மீன்குழம்ப ஊத்திட்டு, ரெண்டும் குழம்புதானன்னு சொல்லு."

அந்தக் கணக்கு இதுதான்: ஒன்பது எண்களை மூன்று வரிசையாக அடுக்கித் தருவார்கள். அந்த அடுக்குக்கே உரிய மூன்று எண்களை நாம் கண்டுபிடிக்க வேண்டும். அவற்றுக்குப் பெயர்தான் ஐகன் மதிப்பு. கேள்வித்தாளில் அடுக்கு "இரண்டு, இரண்டு, ஒன்று" என்று தொடங்கியது. நானும் முதல் வரியை அப்படியே எழுதியிருந்தேன். மூன்றாவது வரியில் என் கை தானாகத் தடம் மாறி, நோட்டில் இருந்த வேறொரு கணக்குக்குள் போய்விட்டது. அது "எட்டு, மைனஸ் ஆறு, இரண்டு" என்று தொடங்கும். விடை பூஜ்யம், மூன்று, பதினைந்து. அதை நான் நாற்பது தடவையாவது எழுதியிருப்பேன். எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேட்காமலே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் நான். காமயகவுண்டன்பட்டியில் நான் படித்த டியூஷன் சென்டர் வாசலில் ஆறு மாதம் என் முகம் பிளெக்ஸில் தொங்கியது. அந்த நூறு எப்படி வந்தது என்று இப்போது சொல்லலாம். புத்தகத்தில் பாடத்துக்குப் பின்னால் இருக்கும் பயிற்சிக் கணக்குகளை எண்களோடு சேர்த்து மனப்பாடம் செய்தேன். ஒவ்வொன்றையும் பத்துத் தடவை எழுதுவோம், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட், தப்பானால் இன்னும் பத்துத் தடவை. பரீட்சையிலும் பெரும்பாலும் அதே கணக்குகள் அதே எண்களோடு வந்தன. பன்னிரண்டாம் வகுப்பையும் அப்படியே கடந்தேன். பொறியியல் கல்லூரியில் எண்ணை மாற்றுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், "அப்ப எதைப் படிக்கிறது?" என்றுதான் கேட்டிருப்பேன்.

முதல் முறை தோற்றதும் மனப்பாடம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு, இருபது கணக்குக்குப் பதிலாக ஐம்பது படித்தேன். இரண்டாவது முறையும் தோற்றேன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. அதன் பிறகு எங்கள் துறையில் கேம்பஸ் வேலைவாய்ப்புப் பயிற்சிக்குப் பட்டியல் எடுப்பார்கள். நிலுவைத் தாள் இருப்பவர்கள் பெயர் அதில் ஏறாது. மற்ற தாள்களில் நான் வாங்கியது எதுவும் கணக்கில் வராது. இந்த ஒரு தாளால் என் பெயர் வெளியே நிற்கும்.

ஜெராக்ஸ் கடை வாசலில் எனக்குத் தோன்றியது ரொம்பச் சின்ன விஷயம். இனிமேல் எண்களை மாற்றிப் போட்டுத்தான் பழக வேண்டும். அவ்வளவுதான். ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டது போல அன்றைக்கே ஒரு புது நோட்டு வாங்கினேன்.

வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் எண் வரவில்லை. நானாக ஒன்பது எண் எழுத முயன்றால் எட்டு, மைனஸ் ஆறு என்றே கை போகிறது. சரி, வேறு யாரையாவது கேட்போம் என்று தோட்டத்துக்குப் போனேன். அம்மா பந்தலுக்குக் கீழே திராட்சைக் கொத்துகளை அறுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"எதுக்குத்தா?"

"கணக்குக்கு."

"ஏழு."

"இன்னொண்ணு?"

"மூணு."

"இன்னும் ஏழு நம்பர் வேணும்மா."

கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏத்தா, அம்புட்டுப் பெரிய காலேசுல நம்பர் கூடவா குடுக்க மாட்டாக?"

ஆனாலும் சொன்னார். ஏழு, மூன்று, ஒன்பது. ஐந்து, நான்கு, இரண்டு. ஒன்று, எட்டு, ஆறு. அடுத்த அடுக்குக்கு அப்பாவிடம் போனேன். மோட்டார் அறைக்கு வெளியே ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒரு நம்பர் சொல்லுங்க."

"நூத்தி நாப்பத்திரண்டு."

யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கத்து ஆண்களிடம் எண் கேட்டால் பெரியாறு அணையின் நீர்மட்டம்தான் வரும்.

"பத்துக்குள்ளப்பா."

"பத்தடிக்கு எறங்குச்சுன்னா நாம என்னத்துக்கு ஆவோம்? போத்தா அங்கிட்டு."

ஆக, கையில் இருந்தது அம்மாவின் அடுக்கு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு மூன்று நாள் திண்டாடினேன். ஒன்பது எண்களிலிருந்து ஒரு முப்படிச் சமன்பாடு வரும். அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போட்டுப் பார்த்து, எதற்குப் பூஜ்யம் வருகிறதோ அது ஒரு விடை. புத்தகத்துக் கணக்குகளில் ஒன்றிலோ இரண்டிலோ பூஜ்யம் வந்துவிடும். அம்மாவின் கணக்கில் பத்து வரை போட்டும் வரவில்லை. பதினான்கைப் போட்டால் மைனஸ் நூற்றிருபத்தெட்டு. பதினைந்தைப் போட்டால் பிளஸ் அறுபத்து நான்கு. திரும்ப முதலிலிருந்து போட்டேன். அதே எண்கள். பேருந்தில் சின்னமனூர் வருவதற்குள் தோழியும் ஒரு தடவை போட்டாள். அவளுக்கும் அதே.

"உங்கம்மா ஏதோ சூனியம் வச்சுட்டாகடி" என்று நோட்டைத் திருப்பித் தந்தாள்.

கல்லூரியில் கணக்கு மேடத்திடம் காட்டினேன். சின்ன வயதுக்காரர், எப்போதும் அடுத்த வகுப்புக்கு ஓடிக்கொண்டே இருப்பார். நடந்தபடியே நோட்டைப் பார்த்தவர் நின்றுவிட்டார்.

"இந்த மேட்ரிக்ஸ் எந்த புக்ல இருக்கு?"

"புக்ல இல்ல மேடம். எங்க அம்மா சொன்னாக."

"அம்மா மேத்ஸ் டீச்சரா?"

"இல்ல மேடம். திராட்சைத் தோட்டம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். "ஒரு விடை பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல இருக்கு. மத்த ரெண்டும் இமேஜினரி, நிஜ எண்ணே இல்ல. நீ போட்டது எல்லாம் சரிதான்மா. இதுக்கு முழு எண்ணுல விடை கிடையாது." சொல்லிவிட்டு ஓடிவிட்டார்.

நான் வராந்தாவிலேயே நின்றேன். விடையே எழுதாத ஒரு கணக்கை ஒருவர் சரி என்று சொன்னது அதுதான் முதல் முறை. கொஞ்ச நேரத்தில் வேறொன்று உறைத்தது. அம்மா வாயில் வந்த எண்ணைச் சொன்னார். விடை கண்டபடி வந்தது. புத்தகத்தில் மட்டும் எப்படி ஒவ்வொரு தடவையும் ஒன்று, இரண்டு, ஐந்து என்று பல்வரிசை மாதிரி வருகிறது? யாரோ ஒருவர் உட்கார்ந்து அப்படி வரும்படி செய்திருக்கிறார். அதாவது, விடையை முதலில் வைத்துக்கொண்டு கணக்கைப் பிறகு செய்திருக்கிறார்!

அன்று சாயங்காலப் பேருந்தில் உட்காருவதற்கு முன்பே தோழியிடம் சொன்னேன். "ரெண்டு நம்பர் சொல்லு. அதுதான் விடை. நான் கணக்கச் செய்றேன்."

"ரெண்டு, அஞ்சு."

மூன்று வரிசை வேண்டாம், முதலில் இரண்டு வரிசையில் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். விடைகளைக் கூட்டினால் ஏழு, பெருக்கினால் பத்து. அடுக்கில் மூலைவிட்டத்தில் இருக்கும் எண்களின் கூட்டல் ஏழாக இருக்க வேண்டும். நான்கும் மூன்றும் வைத்தேன். அவற்றின் பெருக்கல் பன்னிரண்டு. பத்து வருவதற்கு இரண்டு கழிய வேண்டும். அப்படியானால் மற்ற இரண்டு மூலைகளின் பெருக்கல் இரண்டு, அதாவது ஒன்றும் இரண்டும். மேலே நான்கு, ஒன்று. கீழே இரண்டு, மூன்று. தோழி அதை வாங்கி, ஒன்றும் தெரியாதவள் போல முறைப்படி போட்டாள். இரண்டு, ஐந்து என்று வந்தது.

"கள்ளாட்டம்டி இது" என்றாள். பிறகு அவளே ஒன்று செய்து என்னிடம் நீட்டினாள். உத்தமபாளையம் வரை மாறி மாறிச் செய்தோம்.

மூன்று வரிசை இவ்வளவு சுலபமாக வரவில்லை. மூலைவிட்டத்துக்குக் கீழே எல்லாம் பூஜ்யமாக வைத்துவிட்டால் மூலைவிட்டமே விடையாக நிற்கும். ஆனால் பார்த்த உடனே குட்டு உடைந்துவிடும். விடை மாறாமல் எண்களை மட்டும் கலைத்துவிடுகிற வழி நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தில் கிடைத்தது. ஒரு வரிசையை இன்னொன்றோடு கூட்டிவிட்டு, அதற்கு ஈடாக, மேலிருந்து கீழாக வரும் ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலைக் கழிக்க வேண்டும். எதிலிருந்து எதைக் கழிப்பது என்பதில் தடுமாறி இரண்டு வாரம் போயிற்று. நான் செய்த முதல் கணக்கு தப்பு. இரண்டாவதும் தப்பு. மூன்றாவதைத் தோழி போட்டு முடித்து, "ஒண்ணு, மூணு, நாலு. சரியா?" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது, வீட்டில் நான் கத்திய கத்தலுக்கு அப்பா மோட்டாரில் ஷாக் அடித்துவிட்டதோ என்று ஓடி வந்தார்.

நோட்டு நிறைந்தது. ஆனால் பரீட்சையில் ஐந்து பாடப்பகுதிகள் உண்டு. அதில் இரண்டில் மட்டும்தான் இந்த வழி பலித்தது. பகுதி வகைக்கெழுவில் கொஞ்சம் செல்லுபடியானது. இரட்டைத் தொகையிடலில் எண்ணை மாற்றியதும் கணக்கு என் கையை மீறிப் போனது. அதைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். விட்டதைப் பெருமையாகச் சொல்லவில்லை, நேரம் இல்லை.

பரீட்சை அன்று காலைப் பேருந்தில் தோழி வழக்கம்போல இடம் பிடித்து வைத்திருந்தாள். அவளுக்கு அன்று பரீட்சை இல்லை, ஆனாலும் வந்தாள். ஹாலுக்குள் ஐகன் மதிப்புக் கணக்கை முதலில் எடுத்தேன். இதுவரை பார்த்திராத ஒன்பது எண்கள். சமன்பாடு வந்தது. ஒன்றைப் போட்டேன், பூஜ்யம் இல்லை. இரண்டு, மூன்று, நான்கு, எதிலும் இல்லை. பழைய ஆளாக இருந்தால் இந்த இடத்தில் பூஜ்யம், மூன்று, பதினைந்து என்று எழுதி அழகாகப் பெட்டி போட்டிருப்பேன்.

பேனாவைக் கீழே வைத்தேன். இது அம்மா சொன்ன அடுக்கு இல்லை. யாரோ ஒருவர் விடையிலிருந்து செய்த அடுக்கு. முழு எண் வந்தே தீர வேண்டும். வரவில்லை என்றால் வழியில் நான்தான் எதையோ தவறவிட்டிருக்கிறேன். கேள்வித்தாளை விரல் வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். மூலைவிட்டத்தின் கடைசி எண் மைனஸ் ஒன்று. நான் எழுதியிருந்தது ஒன்று. முழுப் பக்கத்தையும் குறுக்கே அடித்தேன். என் பரீட்சைத் தாளில் ஒரு பக்கம் அடிபட்டது அதுதான் முதல் முறை. திரும்பப் போட்டபோது ஒன்று, இரண்டு, ஆறு. கூட்டினால் ஒன்பது. மூலைவிட்டத்தையும் கூட்டிப் பார்த்தேன், ஒன்பது. அடுத்த கேள்விக்குப் போனேன். தொகையிடல் கேள்வியில் படம் மட்டும் வரைந்துவிட்டு வந்தேன்.

போன வாரம் ரிசல்ட் வந்தது. "பி". பிளெக்ஸ் அடிக்கிற மார்க் இல்லை. துறை அலுவலகத்தில் போய்ப் பட்டியலில் பெயர் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"பாசாத்தா? நூறா?" என்றார் அம்மா.

"இல்லம்மா. ஐம்பத்தஞ்சுக்கு மேல, அம்புட்டுத்தான்."

"சரி விடு. இனி நம்பர் கேக்க மாட்டேல்ல?"

இந்த செமஸ்டரில் மூன்றாவது கணக்குத் தாள் தொடங்கிவிட்டது. முதல் பாடமே சைன் அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகிற தொடர்கள். விடைக்கு முடிவே இல்லை. கடைசியில் மூன்று புள்ளி வைத்து விட்டுவிடுகிறார்கள். முடிவில்லாத விடையிலிருந்து கணக்கை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் பாதிப் பேர் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். என் கையும் ஒரு தடவை அந்தப் பக்கம் போனது.

முதல் மூன்று உறுப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஒரு சைன் அலை; மூன்று மடங்கு வேகத்தில், மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இன்னொன்று; ஐந்து மடங்கு வேகத்தில், ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில் மூன்றாவது. பதினைந்து டிகிரிக்கு ஒரு புள்ளி வீதம் கூட்டி வரைபடத்தாளில் வைத்துப் பார்த்தால், அது ஏதாவது ஓர் உருவத்தை நோக்கிப் போகிறதா என்று தெரிந்துவிடும். புத்தகம் அது சதுர அலையாகும் என்கிறது. வளைவுகளைக் கூட்டினால் எப்படிச் சதுரம் வரும்? இருபத்தைந்து புள்ளிகள், மூன்று அலைகள். தாள் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காருகிறேன்.