ஒன்பதே முக்கால் பாட்டு

கெங் தேஷுன் எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி. நான் நான்காம் மாடி, அவர் தலைக்கு மேலே. டிராக்டர் தொழிற்சாலைக் கொதிகலனுக்கு முப்பத்தோரு வருடம் கரி அள்ளிப் போட்டவர். அழகு கிடையாது, பேச்சு கிடையாது, மனைவியும் கிடையாது. மகளுக்கு நாலு வயதாகும்போது மனைவி வேறொருத்தனோடு போய்விட்டாள். மகள் யாவ்யாவை இவரே வளர்த்தார். சடை பின்னத் தெரியாது. தலையை ஒட்ட வெட்டிவிட்டு, "பேன் வராது" என்பார்.

அந்த யாவ்யா இப்போது கனடாவில் இருக்கிறாள். பன்னிரண்டு வருடத்தில் இரண்டு தடவை வந்தாள்.

எங்கள் பின்சுவரை ஒட்டி ஆரம்பப் பள்ளி. காலை ஒன்பதே முக்காலுக்குப் பிள்ளைகள் உடற்பயிற்சிக்கு இறங்கும்போது ஒலிபெருக்கியில் ஒரு நாட்டுப்பற்றுப் பாட்டு வரும். கொடி, மலை, ஆறு எல்லாம் சொல்லி, "உன்னை விட்டு எங்கும் போகமாட்டேன் தாய்மண்ணே" என்று ஒரு சிறுமி கீச்சுக் குரலில் பாடுவாள். இருபத்தைந்து வருடமாக அதே பாட்டு. என் காது செவிடாகிவிடக் கூடாதா என்றிருக்கும்.

போன இலையுதிர்காலத்தில் இரண்டாம் மாடிக்காரி, குழந்தை தூங்கவில்லை என்று மனு எழுதிக்கொண்டு வீடுவீடாக வந்தாள். எனக்கு எழுதத் தெரியாது. சிவப்பு மையில் கட்டைவிரலைத் தோய்த்து அழுத்தினேன். கெங் கதவைத் திறக்கவில்லையாம். பத்தே நாளில் ஒலிபெருக்கியைக் கழற்றி, வகுப்புக்குள் சின்னப் பெட்டிகளாக மாட்டிவிட்டார்கள். நான் நிம்மதியாகக் கஞ்சி குடித்தேன்.

குளிர்காலத்துக்கு எல்லோரும் முட்டைக்கோஸை ஜாடியில் உப்புப் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தோம். கெங்கின் மூட்டை மட்டும் படிக்கட்டிலேயே கிடந்து அழுகியது. போய்க் கதவை உதைத்தேன்.

"கெங்! நாறுறது முட்டைக்கோஸா, இல்ல நீ செத்துக் கிடக்கிறியா?"

திறந்தார். ஒரு வாரத் தாடி.

"தலைவலி அக்கா."

"உன் தலைவலிக்கு முட்டைக்கோஸ் என்னய்யா பாவம் பண்ணுச்சு?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"அந்தப் பாட்டு அவ பாடினது அக்கா."

"எவ?"

"யாவ்யா. நாலாங்கிளாஸ் படிக்கறப்போ பள்ளியில பதிவு பண்ணாங்க. அதைத்தான் தினமும் போட்டாங்க."

"இத்தனை வருஷமாச் சொல்லலியே! வாயில கரியா அடைச்சு வெச்சிருந்த?"

"சொன்னா, எங்கயும் போகமாட்டேன்னு பாடினவ எங்க போனான்னு கேப்பீங்க."

கேட்டிருப்பேன். நான் அப்படிப்பட்டவள்தான்.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். பாட்டு வாத்தியார் சின்னப் பையன், மூக்குக் கண்ணாடி.

"அந்த மனுவுல என் விரலை அழிச்சிடுங்க. ஒலிபெருக்கியைத் திரும்ப மாட்டுங்க."

"பாட்டி, உங்க ஒரு விரல் போனாலும் இன்னும் நாப்பது கையெழுத்து இருக்கே" என்று சிரித்தான். ஆனாலும் நல்ல பையன். நான் நாடகப் பாட்டுக் கேட்கிற சின்னப் பெட்டியை வாங்கி, அந்தப் பாட்டை அதில் ஏற்றிக் கொடுத்தான்.

நேரே கெங்கிடம் கொண்டுபோனேன்.

"இந்தா. இந்தப் பொத்தானை அமுக்கு, உன் பொண்ணு பாடுவா. சாப்பிடும்போது கேளு, கக்கூஸ்ல உக்காந்து கேளு."

பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"வேணாம்க்கா. நான் அமுக்கினா, நான் கூப்பிட்டு வந்த மாதிரி. அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு அலுத்துப்போச்சு. ஒலிபெருக்கியில நான் கூப்பிடாமலே வந்துச்சு."

கதவைச் சாத்திக்கொண்டார். திட்டாமலே பெட்டியோடு மாடி ஏறினேன். எனக்கு அப்படி ஆவது அபூர்வம்.

அடுத்த நாள் ஒன்பதே முக்காலுக்கு என் ஜன்னலைத் திறந்து, பெட்டியை விளிம்பில் வைத்து, சத்தத்தை முழுசாகத் திருகினேன். உடனே இரண்டாம் மாடிக்காரி தலையை நீட்டினாள்.

"சொங் பாட்டி! மனுவுல நீங்களும்தானே விரல் வெச்சீங்க?"

"வெச்சேன். என் மேலயும் ஒண்ணு எழுதிட்டு வா, அதுலயும் வெக்கறேன்!"

அவள் ஜன்னலை அறைந்து மூடினாள். கீழே மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தது. முகம் தெரியவில்லை. ஒரு கையும், கையில் சிகரெட்டும்தான் தெரிந்தன. பாட்டு மூன்று நிமிடம். சிகரெட் எரிந்துகொண்டே இருந்தது, அவர் இழுக்கவில்லை. பாட்டு முடிந்ததும் ஜன்னல் மூடிக்கொண்டது.

தினமும் அப்படித்தான். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் முட்டைக்கோஸ் விலை பேசுகிறோம். பாட்டைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. புது வருடத்துக்கு யாவ்யா கைபேசியில் ஒரு பூப்படம் அனுப்பினாளாம்.

எனக்கு இரண்டு பையன்கள். இருவரும் தெற்கே வேலையில் இருக்கிறார்கள். பள்ளியில் ஒருத்தனும் பாடியதில்லை. பாட்டு முடிந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் ஜன்னலை மூடுவதில்லை. வீடு குளிர்ந்துபோகிறது.