தையல்காரரின் வலது கால்

பக்கவாதம் வந்த மூன்றாவது மாதம் உலகத்தில் எனக்குப் பிடிக்காத ஆள் ஒருவர்தான். தஞ்சாவூரில் என்னோடு பிசியோதெரபிக்கு வந்த வலங்கைமான் பாய், தையல்காரர். எனக்கு வந்த அதே வாரம்தான் அவருக்கும் வந்தது. இரண்டு பேருக்கும் வலது பக்கம்.

அங்கே ஒரு சோதனை உண்டு. நாற்காலியில் உட்கார வேண்டும். தரையில் முன்னும் பின்னுமாக இரண்டு சிவப்பு வட்டங்கள். இருபது வினாடி, கால் கட்டைவிரலால் மாறி மாறித் தொட வேண்டும். வட்டத்துக்கு வெளியே பட்டால் கணக்கில்லை. முதலில் நல்ல கால், பிறகு விழுந்த கால். இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்தால் நான் டிராக்டர் ஓட்டுவது பற்றி டாக்டரிடம் பேசுவதாக பிசியோதெரபி பெண் சொல்லியிருந்தாள். சம்பா உழவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. வலது கால் சொன்னபடி கேட்காமல் பிரேக் பிடிக்க முடியாது.

பாய்க்கு இடது முப்பது, வலது இருபத்தாறு. எனக்கு முப்பத்திரண்டு, பதினொன்று. காலமெல்லாம் தையல் மெஷின் மிதித்த கால் என்றார்கள். சேற்றில் நின்ற என் கால் மட்டும் மட்டமா? என் மனைவியே அவரிடம், "நீங்க என்ன பாய், மாப்பிள்ளை கணக்கா நடக்கறீங்க" என்றாள். வயிறு எரிந்தது.

அடுத்த வாரம் இடது காலை வேண்டுமென்றே மெதுவாக ஆட்டினேன். பதினாறு. வலது பன்னிரண்டு. வித்தியாசம் நாலு. பாய்க்கும் அதே நாலு.

அந்தப் பெண் சந்தோஷப்படவில்லை. "சிரிங்க ஐயா" என்றாள். "ரெண்டு கையையும் நீட்டுங்க." பிறகு என் மனைவியிடம், "இடது பக்கமும் பாதிச்சிருக்கோன்னு சந்தேகமா இருக்கும்மா. உடனே டாக்டர் பார்க்கணும், ஸ்கேன் எடுக்கணும்" என்றாள். மனைவி சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேணும்னேதான் மெதுவா பண்ணேன்" என்றேன். பாய் முன்னால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"கால் போனது பத்தாதுன்னு மூளையும் போச்சா?" என்றாள் மனைவி.

பாய் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "என் காலை எடுத்துக்கங்கண்ணே. கூடவே தையக் கடையையும் எடுத்துக்கங்க."

மறுபடி சோதித்தாள். முப்பத்துமூன்று, பன்னிரண்டு. "இந்த உழவுக்கு வேணாங்க ஐயா."

டிராக்டரை என் தம்பி ஓட்டினான். நன்றாகத்தான் உழுதான். வீட்டுக்கு வந்து, மூலையெல்லாம் உழாமல் விட்டுவிட்டான் என்று சொன்னேன்.