அத்தானை ‘ஏலே’ என்று கூப்பிட்ட ஆட்டம்

பள்ளிக்கூடப் படிப்பு முடிந்த வருஷம் என்னை ஒரு பஞ்சாலையின் ஹாக்கி அணிக்குக் கேட்டார்கள். பகலில் மில் வேலை, சாயங்காலம் ஆட்டம், மாதம் பிறந்தால் சம்பளம். ஆட்டத்தையே பிழைப்பாக்கிக்கொள்ள எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு அன்றைக்கு இருந்த வழி அது ஒன்றுதான். எனக்குத் தூக்கம் போயிற்று. அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது.

“கம்பைத் தூக்கிட்டு ஓடுததுக்குச் சம்பளமா? பனவடலிசத்திரத்துல ஆடு மேய்க்கிறவன் காலமெல்லாம் அப்படித்தான் ஓடுதான். அவனுக்கு எந்த மில்லுக்காரன் குடுத்தான்?”

ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. “மில்லுக்காரரே வந்து பாத்து, பய தேறிட்டான், ஆயிட்டான்னு சொல்லட்டும். அரைகுறையாப் போயித் திரும்பி வந்தா ஊரு சிரிக்கும்” என்றார்.

மில் அணியின் கேப்டன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவிலுக்கு வந்து நாங்கள் ஆடுவதைப் பார்த்தார். முன்வரிசையில் இடது பக்கம் என் இடம். அன்று இரண்டு கோல் போட்டேன். முடிந்ததும் அவர் அப்பாவிடம் சொன்னார்:

“கால் இருக்கு, கை இருக்கு. வாய்தான் இல்ல அண்ணாச்சி. ஆளில்லாத இடமாப் பாத்துப் போய் நிக்கான். நிக்கது ஒருத்தனுக்கும் தெரியல. பந்தைக் கேக்கவே மாட்டேங்கான். எங்க ஆட்டத்துல கேக்காதவனுக்குப் பந்து வராது. இன்னும் ஆகல. ஆடித் தபசுத் திருவிழாவுக்கு எங்க அணி இங்கன ஆட வருது. அப்பப் பாப்போம்.”

அவர் சொன்னது நிஜம். கல்யாணப் பந்தியில் குழம்பு கேட்கக் கூச்சப்பட்டு வெறும் சோற்றைத் தின்று எழுந்தவன் நான். மைதானத்தில் இன்னொரு சங்கடமும் இருந்தது. நடுவில் நின்று எனக்குப் பந்து தர வேண்டியவர் என் அத்தான். அக்காவைக் கட்டி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தாலுகா ஆபீஸில் உத்தியோகம். அவர் வீட்டுக்கு வந்தால் நான் எழுந்து நிற்பேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன். அவரைப் பார்த்து எப்படிக் கத்துவது? “அத்தான், கொஞ்சம் இங்கன தாங்க” என்று மனதுக்குள் கூட்டி முடிப்பதற்குள் பந்து எங்கேயோ போயிருக்கும்.

தபசு வரைக்கும் ஏதேதோ செய்து பார்த்தோம். மட்டையால் தரையைத் தட்டினேன். “கோயில் வாசல்ல தட்டைத் தட்டுத மாதிரில்லா இருக்கு” என்றான் எங்கள் கோல்கீப்பர். விசில் அடித்தேன். நடுவர்தான் அடித்தார் என்று எல்லாரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் அத்தானே சொன்னார்:

“மாப்ள, கோட்டுக்கு உள்ள நான் உனக்கு அத்தான் இல்ல. ஏலேன்னே கூப்பிடு. ஒண்ணும் நினைக்க மாட்டேன்.”

“சரி அத்தான்” என்றேன். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தபசு வந்தது. சாமி பார்த்துவிட்டு வந்த ஜனம் மைதானத்தைச் சுற்றி நின்றது. கோட்டோரம் நாற்காலியில் அப்பாவும், பக்கத்தில் அத்தானின் அப்பாவும். அவர் கடுகடுப்பான மனுஷர். சம்பந்தி வீட்டு மரியாதையில் ஒரு குறை வந்தால் மாதக்கணக்கில் பேச மாட்டார். பின்னால் மாட்டு வண்டியில் அக்கா இருந்தாள்.

முக்கால் ஆட்டம் போயிற்று. அணிக்கு ஒரு கோல். நான் வாயே திறக்கவில்லை. அப்போது அத்தானை இரண்டு பேர் மடக்கினார்கள். அவர் வலது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம், கோலுக்கு நேரே, நான் தன்னந்தனியாக நின்றேன். ஊருக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை.

“ஏலே! இங்கன போடுலே! அங்கன என்னலே பாக்க?”

என் குரல்தான். அத்தான் திரும்பிக்கூடப் பார்க்காமல் குரல் வந்த திசைக்குப் பந்தைத் தள்ளினார். நேரே என்னிடம் வந்தது. நானோ என் சத்தத்தில் நானே திகைத்து நின்றேன். பந்து மட்டைக்கு அடியில் புகுந்து கோட்டைத் தாண்டி ஓடிவிட்டது.

நாற்காலிப் பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது. அத்தானின் அப்பா எழுந்து நின்றிருந்தார்.

“சம்பந்தி, பெத்தவன் நான் நாலு தடவை கூப்பிட்டாலும் இந்தப் பய அசைய மாட்டான். உம்ம மகன் ஒரு ஏலே போட்டதும் பந்தைக் குடுத்துட்டானே வே!” என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். பிறகு ஊரே சிரித்தது.

அதற்கப்புறம் என் வாய் நிற்கவில்லை. மீதி ஆட்டம் முழுக்கக் கத்தினேன். ஒரு கோலில் தோற்றோம்.

மில் கேப்டன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தார். “ஆயிட்டான் அண்ணாச்சி. அனுப்புங்க.”

“வந்த பந்தை விட்டுட்டானே?”

“பந்தைப் பிடிக்க அவனுக்கு முன்னாலேயே தெரியும். கேக்கத்தானே தெரியாம இருந்தான்.”

அப்பா என்னைப் பார்த்தார். “விதைப்புக்கு வேற ஆள் பாத்துக்கிடுதேன்” என்றார். சம்மதம் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

அக்காதான் வண்டிக்குள்ளிருந்து முறைத்தாள். “நான் இன்னும் ஏங்கன்னுகூடக் கூப்பிட்டதில்ல. உனக்கு ஏலேயாலே?” முறைப்பு முடியுமுன் சிரித்துவிட்டாள்.

மில் ஊருக்குக் கிளம்பிய காலையில் அத்தான் என் டிரங்குப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றார்.

“போயிட்டு வாரேன் அத்தான்” என்றேன்.

“என்னது? காதுல விழலையே.”

எஞ்சினே இன்னும் போடவில்லை. தலையை வெளியே நீட்டி, “ஏலே, போயிட்டு வாரேம்லே!” என்று பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும்படி கத்தினேன். முன்சீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

“ஏன் வே, நீரு ஊருக்குப் போறீரா, ஊரைக் கூட்டுதீரா?”